முழங்காலின் நோன்பு

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முழங்காலுக்கு வந்த கேடு வாயிலிருந்துதான் ஆரம்பித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளையைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கத்தினேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குள் நாற்காலிகள் வரத் தொடங்கிய காலம் அது. முதலில் ஒன்று வந்தது, பெருநாளுக்குள் நான்காகிவிட்டது. முட்டி வலிக்காரர்கள் வரிசையின் ஓரத்தில் அவற்றைப் போட்டு உட்கார்ந்தபடி தொழுதார்கள். முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, புதிதாக நாற்காலிக்கு மாறியிருந்த ஒரு பெரியவரின் காதுபடச் சொன்னேன்.

"நெத்தி தரையில படாம இன்னா தொழுக அது? பஸ்ஸுக்கு காத்துக்கினு ஒக்காந்திருக்கற மாதிரி இருக்குது."

நாலு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் என் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது.

எனக்கு ஜவுளிக்கடை. கடைவீதியில் மெத்தை போட்ட பழைய மாதிரிக் கடை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவையை உதறி விரித்து, பிடிக்கவில்லை என்றால் மடித்து, மறுபடியும் இன்னொன்றை உதறி விரிக்க வேண்டும். காலையில் மடக்கிய கால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நீளும். இருபத்தைந்து வருடம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. இளவட்டமாக இருந்தபோது விடிந்ததும் கிளம்பும் பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடப்பேன். மலைக்காரர்கள் என்னைப் புடவ பாயி என்று கூப்பிடுவார்கள். ஒரு சாமைக் கொல்லைக்கும் அடுத்த சாமைக் கொல்லைக்கும் நடுவே மேகம் இறங்கி வந்து பாதையை அழித்துவிடும். அந்த வெள்ளைக்குள் என் காலடிச் சத்தம் மட்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு முழங்கால் என்று ஒன்று இருந்ததே தெரியாது.

வலி வந்தபோது நான் கண்டுபிடித்த காரணம் இதுதான்: அந்த மலையில் நடந்த நடைதான் முட்டியைத் தேய்த்துவிட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே வைத்தியன், நானே நோயாளி.

நின்று குனிவதில் சிரமமில்லை. தரையில் மடங்கி, நெற்றியை வைத்து, மறுபடி எழுந்திருப்பதுதான் பாடாக இருந்தது. வலது முட்டி விரிப்பில் பட்டதும் உள்ளே ஏதோ கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். நாற்காலி கேட்கலாம். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் அதே வரிசையில், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணெதிரே நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே போடுவது?

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். விஷயத்தைச் சொன்னதும் அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகு அளவில் ரோஸ் நிறத்தில் ஒன்று, மூன்றையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு செட் மாத்திரை என்று பெயர். களையெடுக்கப் போகிறவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள் எல்லோரும் வாங்குவதுதான்.

"உள்ள இன்னாடா இருக்குது இதுல?" என்று கேட்டேன்.

"வலி போவணுமா, பாடம் படிக்கணுமா பாய்?" என்றான்.

போட்டேன். அரை மணி நேரத்தில் முட்டி தன்னை மறந்துவிட்டது. அன்று ஜும்மாவில் நான் தரையில் நெற்றியை வைத்துவிட்டு எழுந்தபோது, அந்த நாற்காலி வரிசையைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு திமிர் வந்தது. இப்போது நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு தினமும் என்று ஆனது. அந்த மாத்திரை போட்ட மத்தியானங்களை நான் இன்றும் முழுதாக மறக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் விரித்த புடவைகளின் தலைப்பு தானாக எழுந்து எழுந்து படியும். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும். பேரம் பேசும் பெண்களின் குரல் கோமுகி அணைக்கு அக்கரையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். நான் கண்ணைத் திறந்தபடியே மலைப்பாதையில் நடந்துகொண்டிருப்பேன். மூட்டையில் கனமே இருக்காது. கால் தரையில் பட்டதா என்றுகூடத் தெரியாது. "பாய், இந்த கலர்ல கரை கம்மியா காட்டுங்க" என்று யாராவது தொடையைத் தட்டாத குறையாகக் கேட்டால்தான் கடைக்கு இறங்கி வருவேன்.

முகம் உருண்டையானது. "பாய் பளபளன்னு ஆயிட்டீங்க" என்று வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். என் மனைவி மட்டும், "இது சதை இல்லீங்க, வீக்கம். கால பாருங்க, அழுத்துனா குழி வுழுது" என்றாள். ஒரு நாள் கடையில் தலை சுற்றி விழுந்தேன். இரண்டு நாளாக வயிறு எரிந்து, மலம் தார்போலப் போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே டாக்டர் என் சட்டைப் பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று மாத்திரையையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். "இது பேரு இன்னான்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "இதுக்கு?" தெரியாது. இரண்டு வருடமாக விழுங்கியவனுக்கு ஒன்றின் பெயரும் தெரியவில்லை. மிளகு அளவிலிருந்ததைக் காட்டி, அது ஸ்டீராய்டு, முகம் ஊதியது அதனால்தான், திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சர்க்கரை ஏறியிருந்தது. வயிற்றில் புண். முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: அந்த மாத்திரைகள் வலியைத்தான் மறைத்தன, முட்டியை ஒன்றும் சரிசெய்யவில்லை. வலிக்கிற முட்டியை வலிக்கவில்லை என்று நினைத்து ஐந்து வேளையும் அழுத்தி மடக்கியிருக்கிறேன். அந்தச் சின்ன மாத்திரையை வருடக்கணக்கில் தின்றால் எலும்பும் வலு இழக்கும். இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை.

தேய்மானம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் மண்டையில் ஏறியது. செருப்பு தேய்கிறது, போடாமல் வைத்தால் தேயாது. சரி, இனிமேல் காலை அசைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வியாபாரிப் புத்தி. சரக்கை எடுத்து விரித்தால்தானே அழுக்காகும், மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் அப்படியே இருக்கும்.

கடையை மகன் பார்த்துக்கொண்டான். நான் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியே ஒரு வருடத்துக்குமேல் போனது. சாப்பாடு நாற்காலிக்கு வந்தது, பேப்பர் வந்தது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீரும் பேசினும் வந்தன. என் மனைவி அடுப்படிக்கும் எனக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "இன்னாங்க வேணும், சொல்லுங்க, எழுந்திருக்காதீங்க" என்பாள். நானும் எழுந்திருக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல், அதே நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். நெற்றியை வைக்க இடமில்லாமல் காற்றில் குனிந்து நிமிரும்போது ஒரு நாள் அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் வேறு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு தடவை தரையில் நெற்றி பட்டால் போதும் என்று கேட்டேன். அதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

ஒரு நாள் வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. நான் கேலி செய்த அந்தப் பெரியவர் வந்திருந்தார். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"பள்ளிக்கு வாங்க. என் பக்கத்துல எடம் இருக்குது."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே, அன்றைக்கு அது திறந்தபடியே நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்துக்கு நம்மைப் பார்ப்பதைத் தவிர எத்தனையோ வேலை இருக்கிறது.

ஆனால் ஒரு வருடம் அசையாமல் இருந்த முட்டி சௌக்கியமாகவில்லை. மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது. தொடை சூம்பி, கைலிக்குள் குச்சி நிற்பதுபோல் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிசியோதெரபி சென்டர் இருக்கிறது, போய்த்தான் பார்ப்போமே என்று என் மனைவிதான் நச்சரித்தாள். போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மலையில் புடவை மூட்டையோடு நடந்த பழைய கதையை நான் ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க புடவ பாயி இல்ல? எங்க ஊரு மலைமேலதான். வெள்ளிமலைக்கு அந்தாண்ட. எங்கம்மா இன்னும் சொல்லிக்கினு இருக்கும், மூட்ட தூக்கிக்கினு ஒரு பாயி வருவாருன்னு."

"அந்த நடதாம்மா என் முட்டிய தேச்சுடுச்சு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்க ஊருல எல்லாரும் ஏறி எறங்கிக்கினுதான் இருக்காங்க. அப்படின்னா மலையில ஒருத்தருக்கும் முட்டியே இருக்கக்கூடாது. நீங்க நடந்தப்ப வலிச்சுதா, ஒக்காந்தப்புறம் வலிச்சுதா?"

"ஒக்காந்தப்புறந்தான்" என்று ஒத்துக்கொண்டேன்.

அவள் என் பாதத்தைத் தன் கையில் தாங்கி, முட்டியை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே பேசினாள். உடம்பில் மற்ற இடத்துக்கெல்லாம் ரத்தம் போய்ச் சாப்பாடு கொடுக்கும், குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற பசைத் தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. கால் மடங்கி அழுந்தும்போது பழையது வெளியே போகும், நீண்டு தளரும்போது புதியது உள்ளே ஊறும். காலை அசைக்கவில்லை என்றால் அதற்கு ஊட்டுவார் இல்லை.

"அப்ப ஒரு வருசமா நான் அத்த நோன்பு இருக்க வெச்சிருக்கறன்" என்றேன்.

"நோன்புன்னா சாயங்காலம் தொறப்பீங்க இல்ல பாய்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். பட்டுப்புடவை வாங்க வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நான் சொல்வது என்ன? மடிச்சபடி பீரோவில போட்டு மறந்துடாதீங்க, மடிப்புலயே இழ வுட்டுப்போவும், மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து உதறி மடிப்ப மாத்தி வைங்க. இருபத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன், என் காலை ஒரே மடிப்பில் போட்டு வைத்திருந்தேன்.

அவள் எனக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை. தேய்ந்தது திரும்ப வளராது, அதை வளர்க்கிற மாத்திரை எதுவும் கிடையாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சுற்றியிருக்கும் தசையைப் பலப்படுத்தலாம் என்றாள். ரொம்ப வலித்தால் மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நெத்தி தரையில படுமா?"

"பாக்கலாம்" என்றாள். "படும்னு சொல்ல மாட்டன். படாதுன்னும் சொல்ல மாட்டன்."

முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணச் சொன்னாள். தெருமுனை வரை நடை, பிறகு அரிசி மில் வரை. சூட்டு ஒத்தடம் வைத்து அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டால் எனக்குக் கண் சொருகும். இந்தத் தடவை மாத்திரை இல்லாமலே மலை வந்தது. முட்டிக்குள்ளேயே ஒரு மலைப்பாதை இருப்பதாகவும், அதில் மேகம் மெல்ல ஊறி வந்து நிரம்பி, மெல்ல வடிந்து போவதாகவும் இருக்கும். கண் விழித்தால் ஒத்தடம் ஆறியிருக்கும்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டேன். அங்கே இப்போது தார்ச்சாலை, செல்போன் கடை, மரவள்ளி ஏற்றிக்கொண்டு போகும் லாரி எல்லாம் இருக்கின்றன. ஆனால் மேகம் பழைய மேகம்தான். மட்டமான சாலையாகப் பார்த்து நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் முட்டி ஒரு வாய் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். சிரிக்காதீர்கள், அப்படி நினைத்தபோது உண்மையாகவே சுகமாக இருந்தது. ஒரு பலாமரத்தடியில் ஈரப் புல்லைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. துண்டை விரித்து இடது முட்டியை ஊன்றினேன், வலதையும் இறக்கினேன். அவ்வளவுதான், அதற்குமேல் குனியவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. விறகுக் கட்டோடு வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"பாய், இன்னா தொலஞ்சுது? நாங்க தேடித் தரட்டுமா?"

ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். விஷயம் கேள்விப்பட்டு பிசியோதெரபிப் பெண் என்னைத் திட்டியதைத்தான் இங்கே எழுத முடியாது. அதன் பிறகு முறையாகக் கற்றுக்கொடுத்தாள். முட்டிக்குக் கீழே தடித்த தலையணை, பக்கத்தில் ஊன்றிக்கொள்ள ஒரு முக்காலி. முதலில் படுக்கைமேல், பிறகு மடித்த மெத்தைமேல், பிறகு தரை. அதற்கும் இரண்டு மாதம் ஆனது.

ஒரு நாள் மாலை மஃரிப் பாங்கு சொன்னபோது எனக்குத் தோன்றிவிட்டது, இன்றைக்கு முடியும் என்று. அறையில் விரிப்பைப் போட்டேன், தலையணையை வைத்தேன். இந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள மனசில்லை. அடுப்படியைப் பார்த்து, "இந்தா, வா, சேர்ந்து தொழுவலாம்" என்று கூப்பிட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டேன். நான் கடையிலும் பள்ளிவாசலிலும் இருந்தவன், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டவன். அவள் எப்போது தொழுவாள், எங்கே தொழுவாள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. நான் முன்னால் நின்று தக்பீர் சொல்லிக் கை கட்டினேன்.

முக்காலியைப் பிடித்து ஒரு முட்டி இறங்கியது. மற்றது இறங்கியது. வலித்தது, ஆனால் அது என்னுடைய வலி, எவ்வளவு என்று எனக்குத் தெரிந்த வலி. மெல்லக் குனிந்தேன். நெற்றி தரையில் பட்டது. விரிப்பின் புழுதி மணம் மூக்கில் ஏறியது. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. கண்ணீர் இமையோரமாக நெற்றிப் பக்கம் இறங்கி விரிப்பை நனைத்தது. நான் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

வலமும் இடமும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று முழு உடம்போடும் பின்னால் திரும்பினேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் கீழே தொங்க, கை மடிமேல் இருக்க, அப்போதுதான் ஸலாம் கொடுத்து முடித்த முகத்தோடு இருந்தாள். தரையில் அவளுக்கென்று விரிப்பே இல்லை.

"எத்தினி நாளா இப்டி?" என்றேன்.

"போன ரம்ஜான் நோம்புக்கு முன்னாடிலேர்ந்து."

"ரெண்டு காலுமா?"

"எடதுதான் ஜாஸ்தி."

"இன்னா மாத்தர போட்டுக்கினு நடந்த நீ?"

அவள் துப்பட்டியை மடிக்க ஆரம்பித்தாள். "அதே செட்டுதான். உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு வேற கடையில வாங்கனேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க ஒக்காந்துட்டீங்க" என்றாள், புகார் எதுவும் இல்லாத குரலில். "நானும் ஒக்காந்துட்டா வூட்ல யாரு எழுந்திருக்கறது?"

பத்தடி தூரத்தில் தினமும் நடந்த அவள் காலை ஒரு நாள்கூடப் பார்க்காமல், என் நெற்றிக்காக நான் அழுதிருக்கிறேன்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், டீ போட. "ஒக்காரு, நான் போடறன்" என்று சொல்லி, முக்காலியை ஊன்றி எழுந்து அடுப்படிக்குப் போனேன். பாத்திரம் கிடைத்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவளிடமே போய்க் கேட்டேன்.